எம்டன் வந்த வருஷம் பிறந்தவர்கள்

"உங்களுக்கு என்ன வயசு பாட்டி?" என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஏதாவது ஒரு கிராமத்துத் திண்ணையில் கேட்டிருந்தால், பதில் எண்ணில் வந்திருக்காது. "எம்டன் குண்டு போட்டப்போ நான் கைப்புள்ள" என்றோ, "பெருவெள்ளம் வந்த வருஷம் சமைஞ்சு உக்காந்தேன்" என்றோ வந்திருக்கும். கேட்டவர், பாவம், வயது தெரியாத கிழவி என்று நினைத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார். ஆனால் முதல் பாட்டி தன் பிறந்த ஆண்டைத் துல்லியமாகவே சொல்லிவிட்டார். அது 1914-ஐ ஒட்டி. இரண்டாவது பாட்டி வயதுக்கு வந்தது 1924-ல். அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருந்திருக்கும் என்று வைத்தால், பிறந்தது 1911 அல்லது 1912. கிழவிகளிடம் நாட்காட்டி இருந்தது. கேட்டவருக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த பெரும்பாலான தமிழர்களுக்குப் பிறந்த தேதி என்று ஒன்று கிடையாது. கிராம முன்சீப்பிடம் பிறப்பு, இறப்புப் பதிவேடு இருந்தது உண்மைதான். ஆனால் அதில் ஏறாமல் போன குழந்தைகள் ஏராளம். நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-ல்தான். வசதியுள்ள வீடுகளில் ஜாதகம் எழுதி வைத்தார்கள். மற்றவர்களுக்குப் பள்ளிக்கூட வாத்தியார்தான் பிரம்மா. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது என்று பொருள். பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி அவரே ஒரு தேதியை எழுதிக்கொள்வார். பழைய தலைமுறையில் இத்தனை பேருக்கு மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்தநாள் வருவது அதனால்தான்.

ஜாதகம் இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபதுதான். அறுபது முடிந்தால் மறுபடி பிரபவ. "தாது வருஷம்" என்று ஒருவர் சொன்னால் அது 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். "தாது வருஷப் பஞ்சம்" என்று சொல்லிவிட்டாலோ குழப்பமில்லை. மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்துவிழுந்த அந்தப் பஞ்சம் ஒன்றுதான். ஆண்டின் பெயர் நழுவினாலும் நடந்த சம்பவம் அதை இழுத்துப் பிடித்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் தங்கள் காலக்கணக்கைச் சம்பவங்களின் மேல் கட்டியதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சொந்தமான கணக்கு இருந்தது. தஞ்சைப் பக்கம் மாமாங்கம். கும்பகோணத்தில் மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1909, 1921, 1933 என்று அந்த வரிசை போகும். "ரெண்டாவது மாமாங்கத்துக்கு அம்மா இல்ல" என்ற ஒரு வாக்கியத்தில் ஒரு மரணத்தின் காலம் அடங்கிவிடும். எல்லா ஊருக்கும் பொதுவானது வானம். 1910-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. அதே மே மாதத்தில் ஏழாம் எட்வர்டு மன்னர் இறந்தார். வால்நட்சத்திரம் தோன்றினால் அரசனுக்கு ஆகாது என்று நம்பிய மக்களுக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. "வால்நட்சத்திரம் முளைச்ச வருஷம்" என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் இதுதான்.

இந்த நாட்டாரின் நாட்காட்டியில் எம்டனுக்குத் தனி இடம் உண்டு.

1914 செப்டம்பர் 22 இரவு, ஒன்பது மணி கடந்திருந்தது. ஐரோப்பாவில் போர் மூண்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சென்னை நகரத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கார்ல் ஃபான் முல்லர் என்ற தளபதியின் கீழ் வந்த எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல், துறைமுகத்துக்கு அருகே வந்து தேடுவிளக்கைப் பாய்ச்சி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலும் அடிபட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. எல்லாம் அரை மணி நேரம். கரையிலிருந்த பீரங்கிகள் பதில் சொல்லத் தொடங்கியபோது கப்பல் விளக்கை அணைத்துக்கொண்டு இருளில் போய்விட்டது. இறந்தவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவார்கள்.

ஒரு பெரிய போரின் கணக்கில் இது சிறு கீறல். ஆனால் சென்னைக்கு அது தலைகீழ் மாற்றம். அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ரயிலேறியும் வண்டி கட்டியும் சொந்த ஊருக்கு ஓடினார்கள். அப்படி ஓடியவர்கள் வழியாகத்தான் எம்டன் கடலையே பார்க்காத ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கொங்கு நாட்டுத் தோட்டத்திலும் மதுரைப் பக்கத்துக் கிராமத்திலும் அது ஒரு ஆண்டின் பெயராயிற்று. வெள்ளைக்காரனை வீட்டுக்குள் வந்து அடிக்கவும் ஒருவனால் முடியும் என்ற வியப்பும் அந்தப் பெயரோடு சேர்ந்து போயிற்று.

கப்பலுக்கு உண்மையில் மூன்று புகைபோக்கிகள்தான். நான்காவதாகப் போலி ஒன்றை நிறுத்தி ஆங்கிலேயக் கப்பல் போலத் தோற்றம் காட்டி ஏமாற்றியது. அக்டோபர் இறுதியில் அந்த வேஷத்தோடு பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பலிடம் மாட்டிச் சிதைந்தது. அதன் கதை அங்கே முடிந்தது, சொல்லின் வாழ்வு அப்போதுதான் தொடங்கியது. "அவன் பெரிய எம்டன், ஏமாந்துடாதே" என்று இன்றும் சொல்கிறவருக்குக் கப்பல் தெரியாது, முல்லர் தெரியாது. ஆனால் கெட்டிக்காரத்தனமும் மிரட்டலும் கலந்த ஓர் ஆளைச் சொல்ல அந்தச் சொல்லைவிட வேறு சொல் அவருக்குக் கிடைப்பதில்லை. மலையாளத்திலும் 'எமண்டன்' என்று அது உலாவுகிறது. சென்னை உயர் நீதிமன்ற மதில் ஓரத்தில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டைக் கடந்துபோகிறவர்களில் அதை நின்று படிப்பவர்கள் குறைவு. அந்த நிகழ்ச்சியைக் கல்லைவிட நாக்கு நன்றாகக் காப்பாற்றியிருக்கிறது.

எம்டனைப் பற்றிய நினைவுகளில் தவறாமல் வரும் இன்னொரு செய்தி, செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்பது. திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஐரோப்பாவிலிருந்து இந்திய விடுதலைக்காகப் பாடுபட்டவர் அவர். 1914-ல் சுவிட்சர்லாந்திலும் பிறகு பெர்லினிலும் இயங்கிக்கொண்டிருந்தார். கப்பலில் வந்ததற்கு ஆவணச் சான்று இல்லை. அதற்காக அந்த நினைவைப் பொய் என்று தூக்கி எறிந்துவிடுவது அவசரம். சென்னையைச் சுட்ட கப்பலில் நம்மவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும், இத்தனை குறி தவறாமல் சுட்டும் ஊர் பிழைத்ததற்கு அவர்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஒரு தலைமுறை விரும்பியிருக்கிறது. அந்த விருப்பம் நடந்த உண்மை. அதை எந்த அரசாங்கக் கோப்பும் பதிந்து வைக்கவில்லை.

இத்தாலியில் டெர்னி என்ற எஃகுத் தொழில் நகரத்தில் அலெசாண்ட்ரோ போர்தெல்லி என்ற ஆய்வாளர் இதே போன்ற ஒன்றைக் கண்டார். லூயிஜி திராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949 மார்ச்சில் ஒரு கண்டனப் போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஆனால் அந்த ஊர்த் தொழிலாளர்கள் பலர், ஆலையில் பெருமளவு ஆட்குறைப்பு நடந்து கலவரம் மூண்ட 1953-ல் அவர் இறந்ததாகவே நினைவு வைத்திருந்தார்கள். அந்த மரணத்துக்கு ஒரு பெரிய பொருள் வேண்டியிருந்தது, அதனால் தேதி நான்கு ஆண்டு நகர்ந்துவிட்டது. வாய்மொழி வரலாற்றில் பிழை எங்கே விழுகிறது என்று பார்ப்பதும் ஆய்வின் ஒரு பகுதி என்று உலகத்துக்குச் சொன்னது போர்தெல்லியின் அந்தக் கட்டுரை.

எம்டன் போல வேடிக்கையாகச் சொல்ல முடியாத ஆண்டுகளும் உண்டு. 1918 அப்படிப்பட்டது. உலகப் போரின் கடைசி ஆண்டு. துணி, மண்ணெண்ணெய், அரிசி எல்லாம் விலை ஏறின. பருவமழை பொய்த்தது. அந்தச் செப்டம்பரில் சென்னையில் கடைகளைச் சூறையாடும் கலவரம் நடந்தது, மாகாணத்தின் பல ஊர்களிலும் தானியக் கடைகள் சூறை போயின. அதன் காலடியிலேயே இன்ஃபுளுவென்சா வந்தது. இந்தியா முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1911-க்கும் 1921-க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்தது. இத்தனை பெரிய சாவு நம் குடும்பக் கதைகளில் மிக மெல்லிய குரலில்தான் கேட்கிறது. "காய்ச்சல்ல ஒரே வாரத்துல ரெண்டு பேரு" என்று ஒரு வரி, அதற்குப் பிறகு மௌனம். எல்லா வீட்டிலும் நடந்ததை யார் யாரிடம் கதையாகச் சொல்வது? மௌனத்தையும் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கோவையில் பிளேக் வேறு விதமாக நிலைத்தது. நூற்றாண்டின் முதல் இருபது முப்பது ஆண்டுகளில் அது மீண்டும் மீண்டும் வந்து நகரத்தை உலுக்கியது. வீட்டில் எலி செத்து விழுந்தால் பெட்டியைக் கட்டு என்று பொருள். ஊரைக் காலி செய்து தோட்டங்காடுகளில் சாளை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தங்கினார்கள். திரும்பி வந்தவர்கள் கோயில் கட்டினார்கள். கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. ஓர் ஆங்கிலச் சொல் அம்மனின் பெயரோடு ஒட்டிக்கொண்டு நூறு ஆண்டுகளாகப் பூஜை வாங்கிக்கொண்டிருக்கிறது. "எலி விழுந்த காலத்துல தோட்டத்துச் சாளையில பொறந்தவன்" என்று ஒருவரைச் சொன்னால், அவர் பிறந்த காலமும் இடமும் அவருடைய தாய் பட்ட பாடும் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது வெள்ளம்.

1924 ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை, மலையின் இரண்டு பக்கத்தையும் புரட்டிப்போட்டது. மேற்கே கேரளத்தில் அதற்கு 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று பெயர். கொல்லம் ஆண்டு 1099 என்பதன் கடைசி இரண்டு எண்கள் அவை. இது தெரியாத ஒருவர் 1899 என்று எழுதிக்கொண்டுவிடும் ஆபத்து உண்டு. அன்று திருவிதாங்கூரோடு இருந்த குமரி, செங்கோட்டைப் பகுதிகளில் கொல்லம் ஆண்டுதான் வழக்கம், நெல்லையிலும் அது புழங்கியது. அதனால் தென்கோடித் தமிழர்களின் பேச்சில் 'தொண்ணூத்தொம்பது' வந்தால் முதலில் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூணாறில் தேயிலைத் தோட்டங்களுக்காக ஓடிய குண்டலைப் பள்ளத்தாக்குச் சிறு ரயில் பாதையை அந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுபடி அது போடப்படவே இல்லை. தோட்டங்களில் வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். மூணாறில் ரயில் ஓடியது என்று சொன்னால் இன்றைய சுற்றுலாப் பயணி நம்ப மாட்டார். தோட்டக் குடும்பங்களில் அது கொள்ளுத் தாத்தா பார்த்த ரயில்.

கிழக்கே காவிரியில் அந்த ஆடி மாதம் வந்த தண்ணீரை இன்றுவரை வேறெந்த ஆண்டும் மேட்டூர்ப் பக்கம் எட்டவில்லை. வினாடிக்கு நான்கரை லட்சம் கன அடிக்கும் மேல். பதினெட்டாம் பெருக்குக்குக் காத்திருந்த ஆறு அதற்கு முன்பே கரையை உடைத்து ஊருக்குள் வந்துவிட்டது. முளைப்பாரியும் காதோலை கருகமணியுமாகப் பெண்கள் இறங்கிக் கும்பிடுகிற ஆறு, அந்த ஆண்டு வீடு தேடி வந்தது. நெல் குதிர் மிதந்து போனது, மாடு கட்டுத்தறியோடு போனது, ஓட்டின் மேல் ஏறி இரவைக் கழித்தது என்று காவிரிக் கரைக் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் சங்கதிகள் எல்லாம் இந்த ஆண்டைச் சுற்றியே இருக்கின்றன.

அதே ஆண்டு பிப்ரவரியில்தான் சென்னை, மைசூர் அரசுகளுக்கிடையே காவிரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மறு ஆண்டு மேட்டூரில் அணை வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21-ல் ஆளுநர் ஸ்டான்லி அதைத் திறந்துவைத்தார். தஞ்சை விவசாயிக்கு அது விடிவு. அணைக்குப் பின்னால் தேங்கிய நீருக்குள் போன ஊர்க்காரர்களுக்கு அது வேறு ஓர் ஆண்டு. நீர்மட்டம் நன்றாக இறங்கும் கோடைகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தலை நீட்டும். அதைப் பார்க்க இன்று கூட்டம் பரிசலில் போகிறது, படம் பிடிக்கிறது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெரியவர்கள் யாராவது உடன் போனால் அந்தப் பயணமே வேறு. 'இந்தப் பக்கம் தேரடி, அந்தப் பக்கம் களத்துமேடு' என்று தங்கள் தகப்பனார் காட்டியதை அவர்கள் விரல் நீட்டிச் சொல்வார்கள். தண்ணீர் இறங்குவது நினைவுக்கும் ஒரு வாசல் திறக்கிறது. வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்பதோடு நிற்காமல், நடந்த இடத்துக்கே அழைத்துப் போய்க் கேட்பது இதனால்தான்.

2018 ஆகஸ்டில் கேரளம் மறுபடி மூழ்கியபோது, ஊரெல்லாம் தொண்ணூற்றொன்பதைப் பேசியது. அதே மாதம் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் வெள்ளத்தில் இடிந்தது. 1924 வெள்ளத்துக்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு கட்டப்பட்ட பாலம் அது. தண்ணீர் எதுவரை ஏறும் என்று தாத்தா சொன்னதை நினைவில் வைத்திருப்பது வெறும் பழங்கதைப் பெருமையல்ல. ஆற்றங்கரையில் எங்கே வீடு கட்டலாம் என்பதற்கான அறிவு அதில் இருக்கிறது.

ஆண்டைச் சொல்லாமலே ஆண்டைக் காட்டிக்கொடுக்கும் பேச்சுகளும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களில் இது அழகாகத் தெரியும். "எங்க பூட்டன் கண்டிச்சீமைக்கு நடந்தே போனாரு" என்றால், மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்த பழைய பாதை அது, பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்த காலம். "தூத்துக்குடியில கப்பல் ஏறினோம்" என்றால் அதற்குப் பிந்தியது. "மண்டபம் கேம்ப்ல வச்சிருந்து, தனுஷ்கோடி போயி, தலைமன்னாருக்குக் கப்பல்" என்றால் 1914-க்குப் பின். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் பாம்பன் ரயில் பாலம் திறந்து போட் மெயில் ஓடத் தொடங்கியது. எம்டன் வந்ததும் அதே ஆண்டுதான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு அந்த வழி இல்லை. ஆனாலும் சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயிலைப் 'போட் மெயில்' என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படகு இல்லாத போட் மெயில்! கங்காணி, துண்டு, பேரட்டு என்று ஒரு தனி அகராதியே அந்தக் குடும்பங்களில் உயிரோடு இருக்கிறது. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் திரும்பி வந்து நீலகிரியில் குடியேறியவர்களின் வீடுகளில் அதை இன்றும் கேட்கலாம்.

ஆண்களும் பெண்களும் ஒரே ஆண்டை ஒரே மாதிரி நினைவு வைப்பதில்லை. நிலம் வாங்கினது, வழக்குப் போட்டது, ஜோடி மாடு பிடித்தது, யுத்தத்துக்கு ஆள் எடுத்தது என்று ஆண்கள் அடையாளம் சொல்வார்கள். "மூத்தவன் வயித்துல இருக்கறப்ப", "நடுவுளவளுக்குப் பால் மறக்கடிச்சப்ப" என்று பெண்கள் சொல்வார்கள். நான்கு பிள்ளைகளின் வயது தெரிந்தால் ஒரு பெண்ணின் பேச்சிலிருந்து இருபது ஆண்டுகளின் வரிசையை ஏறக்குறையப் பிசகில்லாமல் கட்டிவிடலாம். நம் வட்டார வரலாறுகளில் பெரும்பகுதி ஆண்களிடம் மட்டும் கேட்டு எழுதப்பட்டது. அது பெரிய இழப்பு. அரிசி என்ன விலை, எந்தப் பஞ்சத்தில் எந்தக் கிழங்கைத் தோண்டி வேகவைத்தார்கள், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் சமையலறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்களுக்கு இது பழைய பாடம். வயதைக் கேட்டால் ஜனங்கள் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று முழு எண்ணாகச் சொல்லிவிடுவதால், ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்து கிடப்பார்கள். அதனால்தான் புயல், வெள்ளம், தேர்த் திருவிழா, மன்னர் மறைவு என்று வட்டாரச் சம்பவங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வயதைக் கணிக்கும் முறை உலகம் முழுவதும் புழங்குகிறது. பாட்டி தானாகச் செய்ததைத்தான் அவர்கள் முறையாக்கினார்கள்.

தமிழில் இந்த ஊற்றைத் தோண்டியவர்கள் இல்லாமலில்லை. பாளையங்கோட்டையில் நா. வானமாமலை ஆய்வுக் குழு அமைத்து நாட்டார் வழக்காறுகளைத் திரட்டினார். ஆ. சிவசுப்பிரமணியன் ஆவணங்களோடு வாய்மொழிச் சான்றுகளையும் வைத்துத் தென்மாவட்ட வரலாற்றை எழுதினார். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு அகராதியே போட்டார். அவருடைய 'கோபல்ல கிராமம்' நாவலில் குடிபெயர்ந்து வந்த கதையைச் சொல்பவள் நூறு வயதைத் தாண்டிய பூட்டி. அந்தப் பூட்டியை அவர் எங்கிருந்தோ கற்பனையில் வரவழைக்கவில்லை. அப்படிப் பேசிய கிழவிகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

எம்டன் குண்டைக் காதால் கேட்டவர்கள் இன்று இல்லை. 1924 வெள்ளத்தில் ஓட்டின் மேல் ஏறியவர்களும் இல்லை. அவர்களுடைய மடியில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு வயதாகிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருப்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது செல்போனில் பதிவைத் தட்டிவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். "அப்போ அம்மாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? வெள்ளத்துக்கு முன்னாலயா, பின்னாலயா? அப்போ நெல்லு என்ன விலை?" என்று கேளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். அவர் சும்மா இருந்தால் நீங்களும் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். முடிந்ததும் அவர் பெயர், ஊர், பதிவு செய்த தேதி மூன்றையும் எழுதி அந்தப் பதிவோடு சேர்த்து வையுங்கள்.